பூட்டு நல்லா இருக்கு

எம்மகள் ஜனனி கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில, மத்தியானச் சாப்பாட்டுல நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருந்தா நான் இராமு இல்லையே. மாப்பிள்ளையோட அப்பச்சி, அதாவது அப்பா, கார்த்திகேய சிவம், பந்தி ஏற்பாட்டைப் பாக்க வந்தவுக, சாப்பிட்டுக்கிட்டே தலையை நிமித்தி மச்சைப் பாத்தாக. வீடு பழசாச்சே, இத்தனை சனம் ஏறி இறங்கினாத் தாங்குமான்னு மெதுவாக் கேட்டாக.

தாங்குமாவா? எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. கானாடுகாத்தான்ல எங்க வீட்டைப் பாத்து இப்படி ஒரு கேள்வியா! பக்கத்துல உக்காந்து சாம்பாரை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டு இருந்த பையனைக் காட்டி, இந்தா இருக்கானே கதிரவன், இவன் சும்மா ஆள் இல்ல, பழைய வீட்டு மரமெல்லாம் எப்படி இருக்குன்னு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்றவன், மூணு மாசமா இந்த வீட்டை அக்குவேறா ஆணிவேறாப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதியே கொடுத்துட்டான்னு சொன்னேன். டவுன்ல, செக்காலைப் பக்கம் மண்டபம் பிடிப்போம்னு சிகப்பி தலைகீழா நின்னா. இந்தப் பையன் சொன்னதை நம்பித்தான் நான் வீட்டுலயே வைப்போம்னு ஒத்தக்கால்ல நின்னது. சிகப்பி எம்பொஞ்சாதி.

சம்பந்தி விடலை. எல்லா அறையையும் நீங்களே பாத்தீகளா தம்பின்னு அவனையே கேட்டாக.

அவனும் பரீட்சையில கேள்வி வந்த மாதிரி சந்தோசமா நிமிர்ந்தான். ஒண்ணு தவிர எல்லாமே பிரைமரி டேட்டா சார், கிழக்கு மேலறை மட்டும் செகண்டரி டேட்டான்னான். அது என்னப்பா கணக்குன்னு கேட்டேன். நாமளே நேர்ல போய், கண்ணால பாத்து, கையால அளந்து எடுக்கிறது பிரைமரியாம். வேற ஒருத்தர் வேற ஒரு காரியத்துக்காக எடுத்து வச்சதை வாங்கி நாம பயன்படுத்துறது செகண்டரியாம். கிழக்கு மேலறை பூட்டிக் கிடந்துச்சு, அதனால அஞ்சாறு வருசத்துக்கு முந்தி வெளிநாட்டுல இருந்து ஒரு குழு வந்து இந்த வீட்டை வரைஞ்சு எழுதினாகல்ல, அதுல இருந்து எடுத்துக்கிட்டேன்னு சொன்னான். உத்தரம் நல்ல நிலைன்னு அவுக எழுதியிருக்காகளாம். ஆராய்ச்சியில அது ஏத்துக்கிற வழிதான் ஐயா, எல்லாரும் பண்றதுதான்னு சமாதானம் வேற.

ரசத்தை எடுத்துக்கிட்டு வந்த சிகப்பி அப்படியே நின்னுட்டா.

"அவுக அந்த அறைக்குள்ள போகவே இல்லையே தம்பி. அன்னைக்கும் அது பூட்டித்தான் கிடந்துச்சு. நாந்தானே அவுகளுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்" அப்படின்னா.

அவுக போகலைன்னா எப்படி வரைஞ்சாகன்னு நீங்க கேக்கலாம். எங்க பக்கத்து வீடுகளைப் பாத்தவுகளுக்குத் தெரியும். நடுவுல முற்றம், சுத்தித் தூண், தூணுக்குப் பின்னாடி வரிசையா அறை, இதைத்தான் வளவுன்னு சொல்லுவோம். கிழக்க என்ன இருக்கோ அதேதான் மேற்க இருக்கும், தூணுக்குத் தூண், கதவுக்குக் கதவு. மேற்கு மேலறை என்னோடது, திறந்து கிடந்துச்சு. அதை அளந்து, அப்படியே திருப்பிக் கிழக்குப் பக்கம் வரைஞ்சுட்டாக. அவுகளுக்கு வேண்டியது வீட்டோட அழகு. மரம் எத்தனை பேரைத் தாங்கும்னு அவுக ஏன் பாக்கப் போறாக. ஆக, எங்க அறையைப் பாத்து எழுதினதைக் கிழக்க இருக்கிற எங்க பங்காளி ஏகப்பண்ணன் அறைன்னு நம்பி, அதை இவன் எடுத்து எழுதி, அதை நான் நம்பி, ஊரைக் கூட்டி உக்கார வைக்கப் போறேன்.

கதிரவன் இலையை மூடிட்டு எந்திரிச்சான். நான் அவனைச் சும்மா விடலை. மூணு மாசமா என் வீட்டுச் சோத்தைத் தின்னியேடா, ஒரு பூட்டைத் திறக்கணும்னு வாயைத் திறந்து சொல்ல முடியாதான்னு கத்தினேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான், செகண்டரி டேட்டாவே தப்புன்னு இல்ல ஐயா, அது இல்லாம ஒரு ஆராய்ச்சியும் நடக்காது, ஆனா யார் எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்க, எப்படி எடுத்தாங்கன்னு மூணையும் கேட்டுட்டுத்தான் எடுக்கணும், நான் கேக்கலைன்னான். அவன் சொன்னது நியாயந்தான். அந்த நேரத்துல நியாயத்தை வச்சு நான் என்ன பண்ணுறது?

சம்பந்தி ஒரு வார்த்தை கோபமாப் பேசலை. கை கழுவிட்டு வந்து, பாத்துச் செய்யுங்க, எல்லாம் நம்ம பிள்ளைகதானேன்னு மட்டும் சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாக. ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட எனக்கு அப்படி வலிச்சிருக்காது.

பந்தியைத் தெருப் பந்தலுக்கு மாத்துறது பெரிய காரியமில்லை, அதை அப்பவே சமையல்காரர்கிட்டச் சொல்லிட்டேன். என் கவலை வேற. எங்கள்ல ஒரு வீட்டுக்குப் பல பங்காளிக. ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், அவுகவுக அறை, அவுகவுக பூட்டு. சாவி அவுக இடுப்புல, அவுக எந்தத் தேசத்துல இருந்தாலும். வீட்டுல கல்யாணம்னா அத்தனை பேரும் வந்து அவுகவுக அறையிலதான் இறங்குவாக. ஏகப்பண்ணன், என் பெரியப்பச்சி மகன், கோலாலம்பூர்ல இருந்து குடும்பத்தோட மறுநாள் வாராக. பொஞ்சாதி, ரெண்டு மகன், மருமகள், கைக்குழந்தை. பெட்டி படுக்கையெல்லாம் அந்தக் கிழக்கு மேலறைக்குத்தான் ஏறும். அதுக்குக் கீழ, வளவுல, பொண்டு பிள்ளைக பாய் விரிச்சுப் படுத்திருக்கும்.

சரி, அண்ணனை வேற அறையில தங்கச் சொல்ல வேண்டியதுதானேன்னு நினைக்கலாம். சொல்லிப் பாருங்க! அந்த அறையில அவுகளுக்குப் பங்கு உண்டா இல்லையான்னுதான் எங்களுக்குள்ள கோர்ட்டு வரைக்கும் போச்சு. பேச்சு வார்த்தை அத்துப் போய், பெரியவுக நாலு பேர் உக்காந்து பேசி, அறை அண்ணனுக்குத்தான்னு முடிவாகி, இந்தக் கல்யாணத்துக்குத்தான் அண்ணன் முதமுதலா வாராக. இப்பப் போய் உங்க அறையில நீங்க தங்காதீகன்னு நான் சொன்னா, அதைவிட ஒரு செருப்படி வேணுமா?

நான் கடப்பாரையை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்குப் போனேன். சிகப்பி குறுக்க வந்து நின்னுட்டா. பங்காளி பூட்டை உடைச்சிட்டு எம்மகளுக்குத் தாலி பூட்டுவீகளா, அண்ணன் வாசல்லயே வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிருவாக, போன்ல கேளுங்க முதல்லன்னா. கதிரவன் கீழ இருந்தே பாக்கலாமான்னு ஏணி போட்டு ஏறிப் பாத்தான். கீழ்ப்பக்கம் பூராவும் தேக்குப் பலகை அடைச்சு வர்ணம் தீட்டியிருக்கு. உத்தரம் சுவருக்குள்ள போற முனைதான் முதல்ல கெடும், அது மேல இருந்து ஓரப் பலகையைத் தூக்கினாத்தான் தெரியும்னு சொல்லிட்டு இறங்கிட்டான்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். ஏர்போட்டுல இருந்தாக. நான் எவ்வளவு பக்குவமாச் சொல்லியும் அவுக குரல் மாறிப்போச்சு. அறையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நான் ஒண்ணும் கேக்கப் பாக்க ஆள் இல்லாம விட்டுட்டு வரலை, அழகு மாசாமாசம் பாத்துட்டுப் போன் பண்றான், போன வாரம்கூடச் சொன்னான்னு சொல்லிட்டு வச்சுட்டாக.

அழகுங்கிறவன் அண்ணனுக்காக அந்தப் பக்கத்தைக் காவல் பாக்குறவன். எனக்குப் போன உசிரு பாதி திரும்பி வந்துச்சு. பரவாயில்லையே, ஒருத்தனாவது நேர்ல பாத்திருக்கான்னு அவனைக் கூப்பிட்டு விட்டேன். முற்றத்துல நின்னுக்கிட்டு, ஆமாங்கய்யா, மாசாமாசம் மேல ஏறிப் பாத்துருவேன், நல்லா இருக்குன்னு சொல்லிருவேன்னான்.

கதிரவன்தான் கேட்டான், உள்ள போய் எதைப் பாப்பீங்கன்னு.

"உள்ளயா? சாவி அவுககிட்டயில்ல இருக்கு. யாரும் பூட்டுல கை வச்சிருக்காகளான்னு பாக்கச் சொன்னாக. பூட்டு நல்லா இருக்கு" அப்படின்னான் அழகு.

அவனைத் திட்டவும் முடியலை. அவன்கிட்டக் கேட்டதுக்கு அவன் சரியாத்தான் பதில் சொல்லியிருக்கான். அண்ணன் அதை வச்சுத்தான் அறை நல்லா இருக்குன்னு அக்கரையில உக்காந்து இத்தனை வருசமா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருந்திருக்காக. நான் மறுபடி மறுபடி போன் போட்டேன். பிளைட்டு ஏறிட்டாக போல, லைன் கிடைக்கலை. வழியில ஒரு ராத்திரி தங்கினவுக, அப்பவும் போனை எடுக்கலை.

மறுநாள் சாயங்காலம் வேன் வந்து நின்னுச்சு. அண்ணன் இறங்கினாக. தலை பூரா நரைச்சிருச்சு. அத்தனை வருசத்துப் பகை, ஒரு நிமிசம் கையைப் பிடிச்சுக்கிட்டோம், அவுக கண்ணு கலங்குச்சு, எனக்கும்தான். பின்னாடியே மருமகள் சிவரஞ்சனி குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்குச்சு. நடக்கத் தெரியாத குழந்தை. நான் அதைப் பாத்ததும் அண்ணன் கையை விட்டுட்டேன்.

வேலையாளுக அதுக்குள்ள மெத்தையும் பெட்டியுமாத் தூக்கிக்கிட்டு மாடிப்படிக்கு வந்துட்டாக. நான் போய்ப் படியில குறுக்க நின்னேன். கீழ வைங்கப்பா, அறையைப் பாத்துட்டு ஏத்தலாம்னேன். வளவுல இருந்த சனமெல்லாம் பேச்சை நிறுத்திட்டுப் பாக்குது. வெத்தலை மடிச்சுக்கிட்டு இருந்த ஆச்சிமார் கையெல்லாம் அப்படியே நிக்குது.

அண்ணன் கிட்ட வந்தாக. என்ன இராமு, மறுபடி ஆரம்பிக்கிறியான்னு மெதுவாத்தான் கேட்டாக. அந்த மெதுவுக்குத்தான் நான் பயந்தேன். என் அறையைத் திறக்க உன் ஆளு ஒருத்தன் சோதனை போடணுமா, நான் என்ன வாடகைக்கா வந்திருக்கேன், ராத்திரி நானே திறப்பேன், எம்பிள்ளைக படுக்கும், உனக்கு நான் எதுக்குக் காட்டணும்னாக. இல்லாட்டி இப்பவே வேன் இருக்கு, திரும்பிப் போறோம், நீ உம்மகளை நல்லாக் கட்டிக் கொடுன்னும் சொன்னாக. அவுக பொஞ்சாதி ஏற்கெனவே வாசப்பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டாக. ஜனனி தூணுக்குப் பக்கத்துல நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருக்கா, மருதாணிக் கையை ரெண்டையும் விரிச்சு வச்சுக்கிட்டு.

நான் கத்துவேன்னு எல்லாரும் எதிர்பார்த்தாக. எனக்கும் கத்தத்தான் வாய் வந்துச்சு. போறதுன்னாப் போங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. போகட்டுமே, போனா உசிராவது மிஞ்சும்னு ஒரு புத்தி சொல்லுது. ஆனா அவுக போக மாட்டாக, வீம்புக்கு மேல ஏறித்தான் படுப்பாகன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஒரே ரத்தம்தானே. நான் படியை விட்டு இறங்கி, அத்தனை பேருக்கு முன்னாடி அவுக கால்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டேன்.

"அண்ணே, என் பங்கையும் சேத்து எடுத்துக்கிடுங்க. எழுதித் தாரேன். நீங்களும் பாக்கலை, நானும் பாக்கலை, ஒருத்தரும் பாக்கலை. அந்தப் பச்சைப் பிள்ளையைப் படுக்க வைக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை திறந்து காட்டுங்க."

அண்ணன் என்னைத் தாண்டி விறுவிறுன்னு படி ஏறினாக. நான் எந்திரிச்சு ஓடினேன், கதிரவன் பையைத் தூக்கிக்கிட்டு எம்பின்னாடி.

பூட்டு ஒரே திருப்புல திறந்துச்சு. கதவைத் தள்ளினாக. ஜன்னல் இடுக்கு வழியா வெளிச்சம் விழுந்து கிடக்கு. பலகைத் தரை மேல தூசி, வேற ஒண்ணுமில்லை. சுவர்ல பெரியப்பச்சி படம் சாயாம நிக்குது. மூலையில இரும்புப் பெட்டி. ஒரு விரிசல் இல்ல, ஒரு சாய்மானம் இல்ல. எங்க மேற்கு அறையைவிட நல்லாவே இருந்துச்சு, உள்ளதைச் சொல்லணும்ல.

அண்ணன் என் பக்கம் திரும்பினாக. பாத்துட்டியா, இதுக்கா ஊர் முன்னாடி கால்ல விழுந்து எம்மானத்தை வாங்கினன்னு கேட்டாக. எனக்குப் பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. அதே சமயம் சந்தோசமாவும் இருந்துச்சு, சத்தியமா. நல்லா இருக்கு, அவ்வளவுதானே வேணும். நான் மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன்.

"சார், இன்னும் பாக்கலை. நிலைப்படியைத் தாண்டாதீங்க" அப்படின்னான் கதிரவன்.

அவன் வாசல்லயே குப்புறப் படுத்து, ஓரப் பலகையோட ஆணியைக் கழட்டித் தூக்கினான். உள்ள இருட்டு. டார்ச்சைப் பல்லுல கவ்விக்கிட்டு, உத்தரம் சுவருக்குள்ள போற இடத்துல ஸ்க்ரூடிரைவரை வச்சு அமுத்தினான். எங்க அறையில இதே மாதிரி அமுத்தையில டொக்குன்னு கல்லுல முட்டின மாதிரி நின்னுச்சு, எனக்கு ஞாபகம் இருக்கு. இங்க சத்தமே இல்லை. பழைய சோத்துல விரலை விட்ட மாதிரி கைப்பிடி வரைக்கும் போயிருச்சு.

அவன் அதை வெளிய எடுத்தான். அப்புறம் கையெட்டுற தூரத்துல அடுத்த உத்தரத்துல குத்தினான். அதுவும் அப்படித்தான். மழைத் தண்ணி சுவருக்குள்ளயே இறங்கியிருக்கு, கரையான் முனையை முழுசாத் தின்னுருச்சு, இப்ப வெறும் பலகை அடைப்புதான் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு சொன்னான். நான் நல்ல நிலைன்னு எழுதியிருக்கேன் ஐயான்னு ரெண்டு தடவை சொன்னான்.

இங்குட்டுக் கொடுன்னு அண்ணன் கையை நீட்டினாக. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, நிலைப்படியில மண்டி போட்டு உக்காந்து, அவுக கையாலயே குத்திப் பாத்தாக. முழுசா இறங்குச்சு. இழுத்தாக. நுனியில ஈர மண்ணு மாதிரி மரமும், நெளியிற கரையானும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாத்தாக, நம்பாதவுக மாதிரி. இன்னொரு தடவை குத்தினாக.

அப்பத்தான் மாடிப்படியில கொலுசுச் சத்தம் கேட்டுச்சு. சிவரஞ்சனி. கீழ நடந்த சண்டை முடிஞ்சு, சமாதானமாத்தான் மேல போயிருக்காகன்னு நினைச்சிருக்கு. ஒரு தோள்ல குழந்தை, இன்னொரு கையில சுருட்டின மெத்தை. குழந்தை தூங்கிருச்சு மாமா, கிடத்திரவான்னு கேட்டுக்கிட்டே கதவுக்கு நேரா வருது.

அண்ணன் எந்திரிச்ச வேகத்துல ஸ்க்ரூடிரைவர் கையைவிட்டு எகிறிருச்சு. ரெண்டு கையையும் விரிச்சு நிலையைப் பிடிச்சுக்கிட்டு அவுக அறையை அவுகளே மறிச்சு நின்னாக. வராத ஆத்தா, அங்குட்டே நில்லுன்னு அவுக போட்ட சத்தத்துல குழந்தை முழிச்சு வீறிட்டு அழுதுச்சு. சிவரஞ்சனி பயந்து போய் மெத்தையைக் கீழ போட்டுருச்சு.

"ஏன் மாமா, நீங்கதானே அறை நல்லா இருக்குன்னு சொன்னீக?"

அது குத்திக் காட்டக் கேக்கலை, தெரியாமத்தான் கேட்டுச்சு. அண்ணன் என்னைப் பாத்தாக, கதிரவனைப் பாத்தாக. கை ரெண்டும் நிலையை விடலை. உதடு கோணி, சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்துருச்சு அவுகளுக்கு.

"நான் பாக்கலை ஆத்தா" அப்படின்னாக.